கஞ்சா வித்டிராயல் சார்ட்டுக்கு எந்தக் கோடு: எஃப்12.23, எஃப்12.13, எஃப்12.93

"தினமும் கஞ்சா புகைப்பவர். மூன்று நாளுக்கு முன் நிறுத்தியிருக்கிறார். தூக்கம் வரவில்லை, எரிச்சல், வியர்வை, பசியில்லை." அமெரிக்க சார்ட் (நோயாளியின் மருத்துவக் குறிப்பு) ஒன்றில் மருத்துவர் இவ்வளவு மட்டும் எழுதியிருந்தால் எந்த நோயறிதல் கோடு போடுவீர்கள்? சார்ட்டைப் படித்துக் கோடு போடும் கோடர்கள் பலரின் கை நேராக எஃப்12.23-க்குப் போகும். அந்த வரிகளில் டிபென்டன்ஸ் (பொருளைச் சார்ந்திருத்தல்) என்ற சொல்லும் இல்லை, வித்டிராயல் (நிறுத்தியபின் வரும் அறிகுறிகள்) என்ற சொல்லும் இல்லை. படிப்பவருக்குப் புரிந்துவிடுகிறது; எழுதியவர் சொல்லவில்லை. ஆடிட்டில் அடி விழுவது இந்த இடைவெளியில்தான்.

அமெரிக்காவின் நோயறிதல் கோடுத் தொகுப்பான ஐசிடி-10-சிஎம்-இல் கஞ்சா வித்டிராயலுக்கு இன்று மூன்று கோடுகள் உள்ளன. அப்யூஸோடு (தவறான பயன்பாடு) சேர்ந்து வந்தால் எஃப்12.13. டிபென்டன்ஸோடு வந்தால் எஃப்12.23. வெறும் யூஸ் (பயன்பாடு) என்று மட்டும் இருந்தால் எஃப்12.93. மூன்றிலும் வித்டிராயல் ஒன்றேதான், அதற்கு முன்னால் நிற்கும் சொல்தான் மாறுகிறது. ஆகவே சார்ட்டில் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகத் தேட வேண்டும்: பயன்பாட்டை மருத்துவர் என்ன பெயரிட்டு எழுதியிருக்கிறார், வித்டிராயல் என்று அவரே எழுதியிருக்கிறாரா. ஒன்று கிடைத்ததும் மற்றதை நாமே ஊகித்து நிரப்புவதுதான் இந்தக் கோடுகளில் நடக்கும் பெரும்பாலான தவறுகளுக்கு வேர்.

முதலில் தேதி

மூன்று கோடுகளும் ஒரே நாளில் வந்தவை அல்ல. அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோயறிதல் கையேடான டிஎஸ்எம்-4-இல் கஞ்சா வித்டிராயல் ஒரு நோயறிதலாகவே இடம்பெறவில்லை. 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 அதைச் சேர்த்தது. அதற்கு ஐசிடி-10-சிஎம்-இல் தனி இடம் இல்லாததால் எஃப்12.288 என்ற பொதுக் கோட்டில் வைத்தார்கள். 2018 அக்டோபர் 1 அன்று எஃப்12.23, எஃப்12.93 இரண்டும் நடைமுறைக்கு வந்தன. எஃப்12.13 வர மேலும் இரண்டு வருடம் ஆனது: 2020 அக்டோபர் 1.

இந்த இரண்டு வருட இடைவெளிக்குக் காரணம் உண்டு. மிதமான அல்லது கடுமையான கஞ்சா பயன்பாட்டுக் கோளாறு இருப்பவருக்குத்தான் வித்டிராயல் வரும், லேசான கோளாறோடு சேர்த்து அதைக் கோடு செய்யக்கூடாது என்பதே டிஎஸ்எம்-5-இன் ஆரம்ப நிலைப்பாடு. அந்தப் பார்வையில் அப்யூஸுக்கு வித்டிராயல் கோடு தேவைப்படவில்லை. 2022-இல் வந்த டிஎஸ்எம்-5-டிஆர் மூன்றையும் ஏற்றுக்கொண்டது: லேசானதற்கு எஃப்12.13, மிதமானதற்கும் கடுமையானதற்கும் எஃப்12.23, கோளாறு ஏதும் இல்லாமல் மருத்துவக் கண்காணிப்பில் மட்டும் எடுத்துக்கொண்டவருக்கு எஃப்12.93.

பழைய டேட்டாவை மறுபடி பார்க்கும் ஆடிட் வேலையில் இந்தத் தேதிகள் அடிக்கடி தேவைப்படும். எந்தக் கோடு செல்லும் என்பதைத் தீர்மானிப்பது அவுட்பேஷன்ட்டுக்குச் சேவை நடந்த தேதி, இன்பேஷன்ட்டுக்கு டிஸ்சார்ஜ் தேதி. 2020 செப்டம்பர் 28 அன்று அட்மிட் ஆகி அக்டோபர் 2 அன்று வீடு திரும்பியவருக்கு எஃப்12.13 செல்லும். அதே செப்டம்பர் 28 அன்று கிளினிக்கில் பார்த்த பேஷன்ட்டுக்குச் செல்லாது.

தேதி சார்ந்த இன்னொரு சிக்கல் இஎச்ஆர் (மின்னணு மருத்துவப் பதிவு) மென்பொருளில் இருக்கிறது. மருத்துவர்கள் வருடக்கணக்கில் வைத்திருக்கும் ஃபேவரைட்ஸ் பட்டியலில் "கஞ்சா வித்டிராயல்" என்ற பெயருக்கு அடியில் எஃப்12.288 இன்னமும் ஒட்டிக்கொண்டிருப்பது உண்டு. அந்தக் கோடு செல்லுபடியாகும் கோடு என்பதால் எந்த எடிட்டும் (மென்பொருளின் தானியங்கிச் சோதனை) அதைத் தடுக்காது, கிளெய்ம் (காப்பீட்டுக்குப் போகும் பில்) சத்தமில்லாமல் தவறாகப் போய்விடும். மருத்துவர் தேர்ந்தெடுத்த கோட்டைப் பார்த்துவிட்டு நகராமல் அவர் எழுதிய சொற்களைப் பார்க்கும் கோடர்தான் இதைப் பிடிக்க முடியும்.

எஃப்12.23: டிபென்டன்ஸுடன் வித்டிராயல்

இந்தக் கோட்டுக்கு மூன்று வழிகளில் ஆதரவு கிடைக்கும். "கஞ்சா டிபென்டன்ஸ், வித்டிராயலுடன்" என்று மருத்துவர் நேராக எழுதியிருக்கலாம். "கஞ்சா யூஸ் டிஸார்டர், மாடரேட்" அல்லது "சிவியர்" என்று எழுதி வித்டிராயலையும் குறிப்பிட்டிருக்கலாம்; மாடரேட்டும் சிவியரும் டிபென்டன்ஸ் பிரிவுக்கே போகும். அல்லது ஒரே சார்ட்டில் ஓரிடத்தில் அப்யூஸ், இன்னோரிடத்தில் டிபென்டன்ஸ் என்று இருக்கலாம். அப்போது ஐசிடி-10-சிஎம்-இன் அதிகாரப்பூர்வ வழிகாட்டுதல் தரும் வரிசை: யூஸைவிட அப்யூஸ் மேல், அப்யூஸைவிட டிபென்டன்ஸ் மேல். ஒரே பொருளுக்கு அந்த மூன்றில் ஒரு பிரிவுதான், மேலே உள்ளதுதான்.

இன்டெக்ஸில் (ஐசிடி-10-சிஎம்-இன் அகரவரிசைப் பட்டியல்) வழி: டிபென்டன்ஸ், டிரக், கஞ்சா, பிறகு "வித்" என்பதன் கீழ் வித்டிராயல். எஃப்12.23 ஐந்து எழுத்துகளோடு முடிந்த கோடு. மது வித்டிராயலில் எஃப்10.230, எஃப்10.231, எஃப்10.232, எஃப்10.239 என்று ஆறாவது இலக்கம் கேட்கும். மது சார்ட்டுகளையே பார்த்துப் பழகியவர்கள் கஞ்சாவுக்கும் ஒரு 0 அல்லது 9 சேர்த்துவிடுகிறார்கள். எஃப்12.230 என்றொரு கோடே இல்லை, கிளெய்ம் அப்படியே திரும்பி வரும்.

எஃப்12.23 போட்டபின் அதே கிளெய்மில் எஃப்12.20 வரக்கூடாது. எஃப்12.20 என்பது "சிக்கலற்ற" டிபென்டன்ஸ். வித்டிராயல் ஒரு சிக்கல். ஒருவருக்கு இரண்டும் ஒரே சமயத்தில் இருக்க முடியாது. ஆனால் கஞ்சாவால் வந்த மனப்பதற்றக் கோளாறு என்று மருத்துவர் தனியாக நோயறிந்து எழுதியிருந்தால் எஃப்12.280 சேரலாம். அது வேறு நோயறிதல், வித்டிராயலின் படபடப்பைத் தாண்டியது என்பது சார்ட்டில் தெரிய வேண்டும்.

தூக்கத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறோம், அதிகம் குழப்புவது அதுதான். வித்டிராயலில் வரும் தூக்கமின்மையும் கெட்ட கனவுகளும் வித்டிராயலின் பகுதி. அதற்கெனத் தனிக் கோடு போடக்கூடாது. எரிச்சல், பசியின்மை, தலைவலி, வியர்வைக்கும் இதே விதி. "கஞ்சாவால் உண்டான தூக்கக் கோளாறு" என்று மருத்துவர் தனியாக எழுதினால் மட்டுமே, டிபென்டன்ஸ் உள்ளவருக்கு, எஃப்12.288. அந்தக் கோட்டுக்கு இன்று மிஞ்சியிருக்கும் முறையான பயன்களில் இது ஒன்று. வித்டிராயலின் மற்ற அறிகுறிகள் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கினாலும் தூக்கச் சிக்கல் 30 நாளைத் தாண்டியும் நீடிக்கலாம். ஆறாவது வாரம் தூக்கத்துக்காக வரும் பேஷன்ட்டுக்கு எஃப்12.23-ஆ, எஃப்12.288-ஆ என்பதைக் கோடர் காலண்டர் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

எஃப்12.13: அப்யூஸுடன் வித்டிராயல்

"கஞ்சா அப்யூஸ்" அல்லது "கஞ்சா யூஸ் டிஸார்டர், மைல்ட்" என்ற சொல்லோடு வித்டிராயலும் எழுதப்பட்டிருந்தால் இந்தக் கோடு. விதி எளிது, ஆனால் இதை ஏற்க மனம் வராத கோடர்கள் உண்டு. "வித்டிராயல் வந்துவிட்டதென்றால் அது டிபென்டன்ஸ்தானே" என்ற வாதம் எழும். மருத்துவமாக அதில் நியாயம் இருக்கலாம். ஆனாலும் அந்தத் தீர்ப்பைச் சொல்லும் அதிகாரம் மருத்துவருடையது. மைல்ட் என்று எழுதியிருப்பதை எஃப்12.23-க்கு உயர்த்துவது நோயாளிக்கு ஒரு கனமான முத்திரையைக் குத்துவதாகும். அது அவருடைய பிராப்ளம் லிஸ்ட்டில் ஏறி, காப்பீட்டுக் கோப்பில் ஏறி, அடுத்து பார்க்கும் மருத்துவரின் கண்ணில் முதலில் படும்.

முரண்பாடு பெரிதாகத் தெரிந்தால் கேளுங்கள். கஞ்சா பயன்பாட்டுக் கோளாறுக்கு டிஎஸ்எம்-5-இல் 11 அளவுகோல்கள் உண்டு. 12 மாதத்துக்குள் 2 அல்லது 3 பொருந்தினால் மைல்ட், 4 அல்லது 5 என்றால் மாடரேட், 6-உம் அதற்கு மேலும் சிவியர். மைல்ட் என்று எழுதிய அதே குறிப்பில் ஏழு அளவுகோல்கள் டிக் ஆகியிருந்தால் அது குவெரிக்கான (மருத்துவரிடம் எழுத்தில் விளக்கம் கேட்பது) காரணம். கோடரே எண்ணிப் பார்த்து சிவியர் என்று மாற்றிவிட அதில் அனுமதி இல்லை.

தீவிரமே சொல்லாமல் "கஞ்சா யூஸ் டிஸார்டர்" என்று மட்டும் இருந்தால்? இன்டெக்ஸில் அந்தத் தலைப்பின் கீழ் மைல்ட், மாடரேட், சிவியர் என்ற கிளைகள்தான் இருக்கின்றன. சொல் இல்லாவிட்டால் வழியும் இல்லை. இதுவும் குவெரிதான்.

எஃப்12.93: யூஸுடன் வித்டிராயல்

மூன்றில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இது. எஃப்12.9 வரிசைக்கு வழிகாட்டுதல் ஒரு கடிவாளம் போட்டிருக்கிறது: அந்தப் பயன்பாடு ஒரு கோளாறோடு அல்லது உடல்நிலையோடு தொடர்புள்ளது என்று மருத்துவர் எழுதியிருக்க வேண்டும், அது அந்த வருகையில் ரிப்போர்ட் செய்யத் தகுந்ததாகவும் இருக்க வேண்டும். சோஷியல் ஹிஸ்டரியில் "மரிஜுவானா: ஆம்" என்று டிக் இருந்தாலே எஃப்12.90 (சிக்கலற்ற யூஸ்) போடும் வழக்கம் இதனால்தான் தவறாகிறது. எஃப்12.93-இல் வித்டிராயலே அந்தத் தொடர்புள்ள கோளாறு, எனவே மருத்துவர் "கஞ்சா யூஸ், வித்டிராயலுடன்" என்று எழுதியிருந்தால் கோடு நிற்கும். மருத்துவக் கண்காணிப்பில் மட்டும் கஞ்சா எடுத்துக்கொண்டு, திடீரென நிறுத்தியபின் அறிகுறிகள் வந்தவருக்கு இதுவே இயல்பான இடம்.

சிக்கல் எப்போது வருகிறதென்றால், மருத்துவர் "கஞ்சா வித்டிராயல்" என்று மட்டும் எழுதி, யூஸ், அப்யூஸ், டிபென்டன்ஸ் எதையும் சொல்லாதபோது. இன்டெக்ஸில் வித்டிராயல் ஸ்டேட் என்ற தலைப்பைப் பார்த்தால் டிபென்டன்ஸையும் பார்க்கச் சொல்கிறது. இதைக் காட்டி எஃப்12.23 என்பார்கள் சிலர். "அதையும் பார்" என்பது கூடுதலாகத் தேடிப் பார்க்க ஒரு குறிப்பு. நோயாளிக்கு டிபென்டன்ஸ் இருக்கிறது என்ற சான்று அதில் இல்லை. பயன்பாட்டின் தன்மை தெரியவில்லை என்பதால் எஃப்12.93 என்பார்கள் வேறு சிலர். எங்கள் கருத்து: பதில் சொல்ல மருத்துவர் இருக்கும்போது இரண்டில் எதையும் ஊகத்தில் போடவேண்டாம். ஒரு வரி குவெரி போதும். பதில் வராவிட்டால் உங்கள் நிறுவனத்தின் எழுத்துப்பூர்வக் கொள்கைப்படி நடந்து, எந்த வழியில் கோட்டுக்கு வந்தீர்கள் என்பதைக் கோடிங் நோட்டில் பதிந்துவையுங்கள்.

வித்டிராயல் என்ற சொல்லுக்கு அடியில் என்ன இருக்க வேண்டும்

சொல் இருந்தால் கோடு போடலாம். ஆனால் கிளினிக்கல் வேலிடேஷனில் (எழுதிய நோயறிதலுக்கு மருத்துவச் சான்று உண்டா என்ற சோதனை) நிற்க அந்தச் சொல்லுக்கு அடித்தளம் வேண்டும். டிஎஸ்எம்-5 கேட்பவை இவை. பயன்பாடு கனமாகவும் நீண்ட காலமாகவும் இருந்திருக்க வேண்டும், அதாவது சில மாதங்களாவது தினமும் அல்லது ஏறக்குறைய தினமும். அதை நிறுத்திய சுமார் ஒரு வாரத்துக்குள் ஏழில் மூன்று அறிகுறிகளாவது தோன்ற வேண்டும்: எரிச்சலோ கோபமோ, பதற்றம், தூக்கச் சிக்கல், பசிக்குறைவோ எடைக்குறைவோ, நிலைகொள்ளாமை, மனச்சோர்வு, ஏழாவதாக, வயிற்றுவலி, நடுக்கம், வியர்வை, காய்ச்சல், குளிர்நடுக்கம், தலைவலி ஆகியவற்றில் கணிசமாகத் தொல்லை தரும் ஒரு உடல் அறிகுறி. இவை நோயாளியின் வாழ்க்கையைப் பாதிக்க வேண்டும். வேறு நோயால் வந்தவையாக இருக்கக்கூடாது.

காலக்கணக்கு இதில் பெரிய சாட்சி. அறிகுறிகள் பொதுவாக 24 முதல் 72 மணி நேரத்தில் தொடங்கி, முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், ஒன்றிரண்டு வாரம் நீடிக்கும். ஆகவே கடைசியாகப் பயன்படுத்திய தேதி இல்லாத வித்டிராயல் குறிப்பு பாதி எழுதிய குறிப்பு. இரண்டு வரிகளை அருகருகே வைத்துப் பாருங்கள்.

"கஞ்சா வித்டிராயல். ஆதரவு சிகிச்சை."

"கஞ்சா டிபென்டன்ஸ், வித்டிராயலுடன். மூன்று வருடமாகத் தினமும் 4 முதல் 5 முறை. கடைசிப் பயன்பாடு 4 நாள் முன்பு. 2-ஆம் நாளிலிருந்து எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை, வியர்வை, வேலைக்குப் போகவில்லை. தைராய்டு பரிசோதனை இயல்பு. மது, ஓபியாய்டு பயன்பாடு இல்லை. தூக்க வழிமுறைகள் விளக்கப்பட்டன, ஒரு வாரத்தில் மறுபடி வரவேண்டும்."

இரண்டாவதை எழுத ஒரு நிமிடம் அதிகமாகும். அளவு, காலம், கடைசித் தேதி, தொடக்கம், பாதிப்பு, மாற்றுக் காரணங்களை விலக்கியது, திட்டம் எல்லாம் அதில் இருக்கின்றன. கஞ்சா வித்டிராயலுக்கென்று எஃப்டிஏ (அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) அனுமதித்த மருந்து எதுவும் இல்லை. எனவே மெடிகேஷன் ஆர்டரை மட்டும் பார்த்து, சிகிச்சையே நடக்கவில்லை என்று ஒரு ஆடிட்டர் முடிவுகட்டினால் அது தவறு. ஆனால் என்ன செய்தார்கள் என்பது குறிப்பில் இருந்தாக வேண்டும். கஞ்சா வித்டிராயல் ஸ்கேல் என்ற 19 கேள்விகள் கொண்ட அளவுகோல் உண்டு; ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண். அந்த மதிப்பெண்ணை இரண்டு வருகைகளில் பதிந்தால் குறிப்புக்கு நல்ல பலம் சேரும். மதிப்பெண்ணை வைத்துக் கோடர் நோயறிதல் செய்ய முடியாது.

யூரின் டெஸ்ட்டும் அப்படித்தான். தினமும் புகைத்தவருக்கு நிறுத்திப் பல வாரம் கழித்தும் பாசிட்டிவ் வரலாம். அது வித்டிராயலுக்குச் சான்றாகாது, இப்போதும் புகைக்கிறார் என்பதற்கும் சான்றாகாது.

ஊகிப்பதா, கேட்பதா

"வித்" விதியைக் காட்டி ஒரு வாதம் வரும்: இன்டெக்ஸில் "வித்" என்பதன் கீழ் இருக்கும் இரண்டு நிலைகளுக்கு மருத்துவர் தொடர்பு சொல்லாவிட்டாலும் தொடர்பு உண்டென்று கொள்ளலாமே, அப்படியானால் டிபென்டன்ஸும் தூக்கமின்மையும் இருந்தால் எஃப்12.23 ஆகாதா? ஆகாது. அந்த விதி, ஏற்கெனவே எழுதப்பட்ட இரண்டு நோயறிதல்களை இணைக்கிறது. எழுதப்படாத வித்டிராயலை அறிகுறிகளிலிருந்து உருவாக்கித் தராது.

குவெரி அனுப்பும்போது சான்றுகளை முன்வைத்து, முடிவைத் திணிக்காமல் கேட்க வேண்டும். "இது கஞ்சா வித்டிராயல்தானே, உறுதிசெய்யவும்" என்பது லீடிங் குவெரி. இப்படிக் கேட்கலாம்:

"அட்மிஷன் குறிப்பு: மரிஜுவானா 6 வருடமாகத் தினமும், 2 நாள் முன் நிறுத்தினார், சிகரெட் தினமும் 10, அட்மிஷனிலிருந்து இல்லை. 2-ஆம் நாள் குறிப்பு: எரிச்சல், நடுக்கம், தூக்கமின்மை, ஹைட்ராக்ஸிசின் தொடங்கப்பட்டது. இந்த அறிகுறிகளுக்கும் சிகிச்சைக்கும் உரிய நோயறிதலை உங்கள் மருத்துவக் கணிப்பின்படி பதிவு செய்யவும்: கஞ்சா வித்டிராயல், நிகோடின் வித்டிராயல், இரண்டும், வேறு, குறிப்பிடவும், தீர்மானிக்க இயலவில்லை."

பயன்பாட்டின் தன்மையை இரண்டாவது கேள்வியாகத் தனியே கேளுங்கள்: யூஸ், அப்யூஸ் அல்லது மைல்ட், டிபென்டன்ஸ் அல்லது மாடரேட், சிவியர், வேறு, தீர்மானிக்க இயலவில்லை. இரண்டையும் ஒரே கேள்வியில் கலந்தால் மருத்துவர் ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டுப் போவார், மறுபடியும் பாதிதான் கிடைக்கும். தேர்வுகளில் சார்ட்டின் சான்று தாங்குபவை மட்டும் இருக்க வேண்டும். மேலே நிகோடின் இருப்பது சிகரெட் வரி இருப்பதால்தான். எந்தப் பதிலுக்கு எவ்வளவு பணம் வரும் என்பதைக் குவெரியில் குறிப்பிடவே கூடாது.

இன்பேஷன்ட்டில் மாறுபவை

"கஞ்சா வித்டிராயலாக இருக்கலாம்" என்ற வரிக்கு இரண்டு விதி. அவுட்பேஷன்ட்டில் அதைக் கோடு செய்யக்கூடாது. அறிகுறிகளையே கோடு செய்ய வேண்டும். இன்பேஷன்ட்டில் டிஸ்சார்ஜ் சமயத்திலும் அந்தச் சந்தேகம் அப்படியே பதிவாகியிருந்தால், நோய் இருப்பதாகக் கொண்டு கோடு செய்யலாம். முதல் நாள் சந்தேகப்பட்டு மூன்றாம் நாள் குறிப்பிலிருந்து மறைந்துபோனதற்கு இந்தச் சலுகை கிடையாது.

பிஓஏ இன்டிகேட்டரில் (அட்மிஷனின்போதே நோய் இருந்ததா என்று சொல்லும் குறி) கவனம் வேண்டும். இடுப்பெலும்பு முறிந்து வந்தவருக்கு மூன்றாம் நாள் வித்டிராயல் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். டிபென்டன்ஸ் வரும்போதே இருந்தது. வித்டிராயல் பிறகு வந்தது. எஃப்12.23 இரண்டையும் சேர்த்துச் சொல்லும் காம்பினேஷன் கோடு. அதன் எந்தப் பகுதியாவது அட்மிஷனில் இல்லை என்றால் இன்டிகேட்டர் "என்" (இல்லை). டிபென்டன்ஸ் பழையது என்பதால் "ஒய்" (ஆம்) போடுவது அடிக்கடி நடக்கும் பிழை. எப்போது தொடங்கியது என்று எழுதவில்லை என்றால் "யூ" (குறிப்பு போதவில்லை) போட்டுக் கடந்துபோகாமல் கேளுங்கள். மருத்துவருக்கே சொல்ல முடியவில்லை என்றால் "டபிள்யூ".

எஃப்12.23 முதன்மை நோயறிதலானால் எம்எஸ்-டிஆர்ஜி (மருத்துவமனைக்கான தொகையைத் தீர்மானிக்கும் குழு) 894 முதல் 897 வரையில் விழும்: மருத்துவ ஆலோசனையை மீறி வெளியேறியவர் 894, மறுவாழ்வு சிகிச்சை பெற்றவர் 895, பெறாதவரில் எம்சிசி (பெரிய சிக்கல் அல்லது துணைநோய்) இருப்பவர் 896, இல்லாதவர் 897. டிஸ்சார்ஜ் ஸ்டேட்டஸும் பிசிஎஸ் புரொசீஜர் கோடும் (இன்பேஷன்ட்டுக்குச் செய்த சிகிச்சைக்கான கோடு) இங்கே டிஆர்ஜியையே மாற்றுகின்றன என்பதால் நோயறிதல் கோடு சரியாக இருந்தும் குரூப்பிங் தவறிப்போகலாம். கவுன்சலிங் அமர்வுகள் நடந்த பதிவு நர்ஸ் குறிப்பிலும் தெரபிஸ்ட் குறிப்பிலும் சிதறிக் கிடக்கும். அவற்றைத் தேடி எடுக்காவிட்டால் 895-க்கு உரிய சார்ட் 897-இல் போய் நிற்கும்.

பக்கத்தில் நிற்கும் நிலைகள்

புகையிலை கலந்து புகைப்பவருக்குக் கஞ்சாவும் நிகோடினும் ஒரே நாளில் நிற்கின்றன. எரிச்சல், பதற்றம், தூக்கமின்மை இரண்டுக்கும் பொது; நிகோடினில் பசி கூடும், கஞ்சாவில் குறையும். சிகரெட் டிபென்டன்ஸுடன் நிகோடின் வித்டிராயல் என்று மருத்துவர் எழுதினால் எஃப்17.213 தனியாகச் சேரும். மதுவும் இருந்தால் அதற்குரிய எஃப்10 கோடும் அப்படியே. பொருள்களின் பெயர் தெரிந்திருக்கும்போது எல்லாவற்றையும் எஃப்19-இல் (பிற போதைப்பொருள்களுக்கான பொதுப் பிரிவு) கொட்டிவிடக்கூடாது.

கஞ்சா ஹைப்பரெமெசிஸ் என்ற தொடர்வாந்தி வேறு. அது பயன்பாடு தொடரும்போதே வருவது, வெந்நீரில் குளித்தால் தணிவது அதன் அடையாளம். வித்டிராயல் நிறுத்தியபின் வருவது. வாந்தியோடு எமர்ஜென்சிக்கு வந்தவர் முந்தைய நாளிலிருந்து வாந்தியால் புகைக்கவே முடியவில்லை என்றால் இரண்டும் குழம்பும். 2025 அக்டோபர் 1 முதல் ஹைப்பரெமெசிஸுக்கு ஆர்11.16 என்ற தனிக் கோடு இருக்கிறது, ஆகவே மருத்துவர் எதைக் குறிக்கிறார் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள முன்பைவிடக் காரணம் அதிகம்.

கர்ப்பிணி என்றால் ஓ99.32 வரிசை முதலில், எஃப்12 கோடு அதன் பின்னால். தாயின் பயன்பாட்டால் பிறந்த குழந்தைக்கு வித்டிராயல் வந்தால் குழந்தையின் சார்ட்டில் பி96.1, எஃப்12.23 ஒருபோதும் வராது.

உலக சுகாதார நிறுவனத்தின் மூல ஐசிடி-10-ஐப் பயன்படுத்தும் நாடுகளின் சார்ட் கைக்கு வந்தால் இந்த மூன்று தேர்வுகளும் பொருந்தா. அங்கே டிபென்டன்ஸ் எஃப்12.2, வித்டிராயல் எஃப்12.3, டெலிரியத்துடன் வித்டிராயல் எஃப்12.4. ஐசிடி-11-இல் டிபென்டன்ஸ் 6சி41.2, வித்டிராயல் 6சி41.4 என்று தனித்தனிக் கோடுகள். அமெரிக்க முறையில்தான் இரண்டும் ஒரே கோட்டுக்குள் பூட்டப்பட்டிருக்கின்றன.

எஃப்12.23 எப்போது இறங்க வேண்டும்

வித்டிராயல் சில வாரங்களில் முடியும் நிலை. ஆனால் பிராப்ளம் லிஸ்ட்டில் ஏறிய எஃப்12.23 காப்பி-ஃபார்வர்டில் (பழைய குறிப்பை அப்படியே நகலெடுப்பது) மாதக்கணக்கில் தொடர்வதைப் பார்க்கலாம். ஜனவரியில் வித்டிராயல், ஏப்ரலிலும் வித்டிராயல், ஜூலையில் ரத்த அழுத்தத்துக்கு வந்த வருகையிலும் வித்டிராயல். ரிஸ்க் அட்ஜஸ்ட்மென்ட் (நோயின் கனத்துக்கேற்பக் காப்பீட்டுத் தொகையைக் கணக்கிடுவது) ஆடிட்டில் இப்படிப்பட்ட வருகைகள்தான் முதலில் உருவப்படும். அந்த வருகையில் அதைக் கண்காணித்ததற்கோ, மதிப்பிட்டதற்கோ, சிகிச்சை தந்ததற்கோ ஒரு வரியும் இருக்காது.

அறிகுறிகள் அடங்கியபின் மருத்துவர் டிபென்டன்ஸ் என்று மட்டும் எழுதினால் எஃப்12.20. ரெமிஷன் (கோளாறு தணிந்த நிலை) என்று எழுதினால் எஃப்12.21, மைல்ட் கோளாறு ரெமிஷனில் இருந்தால் எஃப்12.11. டிஎஸ்எம் கணக்கில் மூன்று மாதம் நிறைந்து 12 மாதம் நிறையாதவரை ஆரம்ப ரெமிஷன், 12 மாதமும் அதற்கு மேலும் நீடித்த ரெமிஷன். இரண்டுக்கும் ஒரே கோடுதான். ஏக்கத்தைத் தவிர வேறு எந்த அளவுகோலும் அந்தக் காலத்தில் பொருந்தியிருக்கக்கூடாது. "நான்கு மாதமாகத் தொடவில்லை" என்று நோயாளி சொன்னதைப் பார்த்து எஃப்12.21-க்கு மாற்ற கோடருக்கு அனுமதி இல்லை. ரெமிஷன் என்ற சொல் மருத்துவரிடமிருந்து வர வேண்டும். அந்த நான்கு மாதத்துக்கு அந்த நோயாளி பட்ட பாடு பெரிது. அது பதிவில் ஏறாமல் போனால் அவர் இன்னமும் வித்டிராயலில் இருப்பவராகவே அடுத்த மருத்துவருக்குத் தெரிவார். எஃப்12.23 மூன்றாவது தடவையாக ஒரு சார்ட்டில் வந்தால், போன வருகையின் கடைசிப் பயன்பாட்டுத் தேதியைத் திறந்து பார்த்துவிட்டு, அந்தத் தேதியையே மேற்கோள் காட்டி மருத்துவருக்கு எழுதுங்கள்.